ஒரு நிமிஷம் சும்மா இரு!

குழந்தைகள் உள்ள வீடுகளில் மிக அதிகமாகப் பிரயோகமாகும் வாக்கியம் எது என்று ஒரு போட்டி வைத்தால், எந்த வாக்கியம் முதற் பரிசு பெறும் என்பதில் நமக்குச் சந்தேகமே கிடையாது. "ஒரு நிமிஷம் சும்மா இரு!" என்பதே அது. அம்மா சொல்கிறாள்; அப்பா சொல்கிறார்; உபாத்தியாயர் சொல்கிறார்; ரயில் வண்டியில் எதிர்ப் பலகையில் அமர்ந்திருக்கும் முன்பின் அறியாத பெரியவர் கூடச் சொல்கிறார். பெரும்பாலான குழந்தைகள் அந்த ஒரு நிமிஷத்தை எப்படியாவது கொடுத்துத் தீர்த்துவிடுகின்றன. சில குழந்தைகளால் மாத்திரம் அதைக் கொடுக்க முடிவதில்லை. அந்தச் சில குழந்தைகளைப் பற்றியே இங்கே சொல்ல உத்தேசிக்கிறோம்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு நண்பரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். நாம் போன சமயம் அங்கே ஒரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. கூடத்தின் நடுவில் ஒன்பது வயதுப் பையன் குற்றவாளியாக நின்றுகொண்டிருந்தான். நின்றுகொண்டிருந்தான் என்று மரியாதைக்குச் சொல்கிறோம். உண்மையில் அவனுடைய ஒரு கால் மற்றொரு காலைச் சுற்றிக்கொண்டிருந்தது; ஒரு கை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது; கண்களோ ஜன்னலுக்கு வெளியே ஓடிய அணிலைப் பின்தொடர்ந்து கொண்டிருந்தன. நண்பருடைய கையில் ஒரு கணக்குப் பரீட்சைத் தாள் இருந்தது.

"நீங்களே பாருங்கள்!" என்று அதை நம்மிடம் நீட்டினார். முன்பக்கத்தில் பத்துக் கணக்குகள். எட்டு சரியாக இருந்தன. பாக்கி இரண்டில் கழித்தல் குறியைக் கூட்டல் குறி என்று எண்ணிக் கூட்டியிருந்தான்; ஆனால் கூட்டியதைச் சரியாகவே கூட்டியிருந்தான். பின்பக்கம் துடைத்துவிட்டாற்போல் வெறுமையாக இருந்தது. தாளைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.

"தெரியாமல் விட்டிருந்தால் பாதகமில்லை. எல்லாம் தெரியும். வேண்டுமென்றே செய்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, சாப்பாடு கூட வேண்டாமென்று மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அதற்கு உட்காரத் தெரிகிறது, இதற்கு உட்காரத் தெரியவில்லையா? மனம் இல்லை, அவ்வளவுதான்!" என்றார் நண்பர்.

உள்ளேயிருந்து பையனுடைய பாட்டியின் குரல் வந்தது: "அவனை ஏண்டா வைகிறாய்? உன்னைப் பெஞ்சியின் மேல் ஏற்றாத நாள் ஒன்று உண்டா, அந்தப் பள்ளிக்கூடத்தில்?"

நண்பர் இதைக் காதில் வாங்காதவர்போல் இருந்துவிட்டார். பையனுடைய தாயார், "எல்லாம் நான் செல்லம் கொடுத்துக் கெடுத்தது என்கிறார்கள்" என்று மெல்லச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

நாம் விடைபெற்றுக்கொண்டு கிளம்பியபோது பையன் வாசல் வரையில் கூட வந்தான். "தாளைத் திருப்பவேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன், மாமா! அதற்குள் மறந்துவிட்டது" என்றான். பிறகு, தன்னுடைய பெயரையும் வகுப்பையும் சொல்லுகிற தோரணையில், "நான் கெட்ட பையன், மாமா" என்றான். அதில் வருத்தமில்லை, கோபமில்லை. எல்லாருமாகச் சேர்ந்து தீர்மானித்துவிட்ட ஒரு விஷயத்தை நமக்கும் தெரிவித்தான், அவ்வளவுதான்.

அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பையன் "மாட்டேன்" என்கிறானா, அல்லது "முடியவில்லை" என்கிறானா? இரண்டுக்கும் உள்ள தூரம் கொஞ்சமல்ல. முன்னதற்குக் கண்டிப்பு மருந்தாகலாம். பின்னதற்குக் கண்டிப்பு, நொண்டிக் காலை ஓடச் சொல்லி அடிப்பதற்குச் சமானம். ஆகவே இந்த விஷயத்தைப் பற்றி அறிஞர்கள் என்ன கண்டிருக்கிறார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

படப் புத்தகத்தில் வந்த பையன்

இது செல்போன் காலத்தில் முளைத்த புது வியாதி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. ஸ்காட்லாந்து தேசத்து வைத்தியரான அலெக்ஸாண்டர் கிரைட்டன் என்பவர் 1798-ம் ஆண்டிலேயே மனக் கோளாறுகளைப் பற்றிய தம்முடைய நூலில், எதிலும் தொடர்ந்து கவனம் செலுத்த இயலாத நிலையை விவரித்திருக்கிறார். அது பிறவியிலேயே வரக்கூடும் என்றும், சிறு வயதில் பாடம் படிக்கத் தொடங்கும்போதே வெளிப்பட்டுவிடும் என்றும், வயது ஏற ஏறப் பெரும்பாலும் குறையும் என்றும் அவர் எழுதினார்.

அதற்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து வைத்தியர் ஹைன்ரிக் ஹாப்மன் 1844-ம் வருஷக் கிறிஸ்துமஸுக்குத் தம் மூன்று வயதுக் குமாரனுக்கு ஒரு படப் புத்தகம் வாங்கக் கடைக்குப் போனார். எந்தப் புத்தகமும் பிடிக்கவில்லை. வெற்று நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்து, தாமே பாட்டு எழுதிப் படமும் போட்டுக் கொடுத்தார். 1845-ல் அச்சேறிய அந்தப் புத்தகம் உலகப் பிரசித்தி பெற்றது. பிலிப் என்னும் பையன் ஒருவன் அதில் விரைவிலேயே வந்து சேர்ந்துகொண்டான். அவனால் சாப்பாட்டு மேஜையில் ஒழுங்காக உட்கார முடியாது. நாற்காலியை முன்னும் பின்னும் ஆட்டி, விழப்போகும் சமயத்தில் மேஜை விரிப்பைப் பிடித்து இழுத்து, தட்டு, ரொட்டி, சூப்பு எல்லாவற்றையும் தன்மேல் கவிழ்த்துக்கொள்வான். தகப்பனார் முகம் சிவக்கிறது. தாயார் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நம்முடைய நண்பர் வீட்டுக் கூடத்துக்கும் அந்த ஜெர்மானியச் சாப்பாட்டு மேஜைக்கும் அதிக வித்தியாசம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

1902-ல் லண்டனில் ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டில் என்னும் குழந்தை வைத்தியர், அந்நாட்டு ராயல் வைத்தியக் கல்லூரியில் சில பிரசங்கங்கள் செய்தார். தாம் கவனித்த 43 குழந்தைகளைப் பற்றி அவற்றில் எடுத்துச் சொன்னார். புத்தியில் குறைவில்லாத குழந்தைகள் பலவற்றிலும் இந்த அடக்கமின்மை இருக்கக்கூடும் என்றும், வளர்ப்பைக் காட்டிலும் உடலமைப்பிலேயே இதன் காரணத்தைத் தேட வேண்டும் என்றும் அவர் கருதினார். இது பெரிய முன்னேற்றந்தான். ஆனால் அதற்கு அவர் வைத்த பெயர் "ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை" என்பது. பெயரில் இருந்த "ஒழுக்கம்" வெகு காலம் அந்தக் குழந்தைகளின் முதுகை விட்டு இறங்கவில்லை.

கணக்கு மாத்திரை

அடுத்த கட்டம் தற்செயலாக நடந்தது. அமெரிக்காவில் ரோட் ஐலண்டு மாகாணத்தில், நரம்புக் கோளாறும் நடத்தைக் கோளாறும் உள்ள குழந்தைகளுக்கென்று ஒரு வைத்திய விடுதி இருந்தது. அதன் தலைமை வைத்தியர் சார்லஸ் பிராட்லி. மூளையைப் படம் பிடிப்பதற்காக அந்நாட்களில் முதுகெலும்பிலிருந்து நீரை எடுத்துக் காற்றைச் செலுத்தும் முறை ஒன்று வழக்கத்தில் இருந்தது. அதனால் குழந்தைகளுக்குப் பொறுக்க முடியாத தலைவலி உண்டாயிற்று. தலைவலி தணியட்டும் என்று பிராட்லி பென்ஸிட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி ஒன்றும் பிரமாதமாகத் தணியவில்லை. ஆனால் விடுதிப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்கள் ஓடி வந்தார்கள். "இந்தக் குழந்தைகளுக்கு என்ன செய்தீர்கள்? உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்களே!" என்று கேட்டார்கள். 1937-ல் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, மருந்து உண்ட 30 குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் படிப்பில் வியக்கத்தக்க முன்னேற்றம் காட்டினர். குழந்தைகளே அந்த மருந்துக்குக் "கணக்கு மாத்திரை" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஊக்க மருந்து கொடுத்தால் துள்ளல் அதிகமாக வேண்டாமோ? அடங்குவானேன்? இந்தக் கேள்வி பல ஆண்டுகள் வைத்தியர்களைத் திகைக்க வைத்தது. விடையை இப்படிச் சொல்லலாம். மாட்டு வண்டி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வண்டி நல்ல வண்டி. மாடுகள் நல்ல மாடுகள். வண்டிக்காரன் மாத்திரம் அரைத் தூக்கத்தில் இருக்கிறான். மாடுகள் இஷ்டப்படி போகின்றன. மாடுகளை அடிப்பதில் என்ன பிரயோஜனம்? வண்டிக்காரனைத் தட்டி எழுப்ப வேண்டும். மருந்து வண்டிக்காரனைத்தான் எழுப்புகிறது. மூளையின் முன்பகுதி அந்த வண்டிக்காரனுடைய ஆசனம். அதற்கும் உள்ளே ஆழத்தில் இருக்கும் பகுதிகளுக்கும் இடையே செய்தி போய்வர உதவும் ரசாயனப் பொருள்களில் டோபமைன் என்பது ஒன்று. அந்தப் போக்குவரத்து இக்குழந்தைகளிடம் வேறு விதமாக நடைபெறுகிறது என்பதே இன்றைய ஆராய்ச்சியாளர்களின் அபிப்பிராயம்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். 1978-ல் அமெரிக்காவில் ஜூடித் ராப்போபோர்ட் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் இதே வகை மருந்தை யாதொரு கோளாறும் இல்லாத பையன்களுக்கும் கொடுத்துப் பார்த்தனர். அவர்களுக்கும் ஓட்டம் குறைந்தது, கவனம் கூடியது. ஆகையால் "மருந்து கேட்டது, எனவே கோளாறு இருந்தது" என்று முடிவு கட்டுவது தவறு. மருந்தைக் கொடுத்துக் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாது.

ரேடியோவுக்கு மூன்று மணி. கணக்குக்கு மூன்று நிமிஷம்

வெகு காலம் வரையில் வைத்தியர்கள் இந்தக் குழந்தைகளின் ஓட்டத்தையும் ஆட்டத்தையுமே பெரிதாக எண்ணினார்கள். 1972-ல் கானடா தேசத்து மனோதத்துவ அறிஞர் வர்ஜீனியா டக்ளஸ், "கால்களைப் பார்க்காதீர்கள், கவனத்தைப் பாருங்கள்" என்ற கருத்தை முன்வைத்தார். கவனத்தை நிலைநிறுத்துவதும், மனத்தில் எழுந்த எண்ணத்தைச் செயலுக்கு வருமுன் தடுத்து நிறுத்துவதுமே இக்குழந்தைகளுக்குக் கஷ்டமாயிருக்கிறது என்று அவர் எடுத்துக் காட்டினார். அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் கைநூலில் 1980-ல் கோளாறின் பெயரே மாறிற்று. 1987-ல் இன்றைய பெயர் வந்தது. கவனக் குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த கோளாறு என்று அதற்குப் பொருள், "ஏ.டி.எச்.டி." என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

இப்பொழுது நண்பரின் கட்சிக்கு வருவோம். "ரேடியோவுக்கு உட்காரத் தெரிகிறதே?" என்பது அவருடைய வாதம். நியாயமான கேள்விதான். ஆனால் கவனத்தில் இரண்டு தினுசு உண்டு. ஒன்று, பொருளே நம்மைப் பிடித்து இழுத்துக்கொள்வது. மற்றொன்று, நாம் நம்மைப் பிடித்துப் பொருளின்மேல் நிறுத்துவது. ரேடியோவில் ஒவ்வொரு திருகாணியைக் கழற்றும்போதும் புதிதாக ஒன்று தெரிகிறது. உழைப்புக்குக் கூலி கைமேல் கிடைக்கிறது. கணக்குத் தாளுக்குக் கூலி எப்போது? அடுத்த வாரம் மார்க்கு வரும்போது. அந்த அடுத்த வாரத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டு இந்த நிமிஷத்தை ஆளுவதற்குத்தான் வண்டிக்காரன் வேண்டும். பையனிடம் கவனம் இல்லாமல் இல்லை. அதைத் தான் விரும்பும் இடத்துக்குத் திருப்பும் சக்திதான் போதவில்லை. ஆகவே, ரேடியோவின் முன் மூன்று மணி நேரம் உட்கார்ந்தது அவனுக்கு விரோதமான சாட்சியம் அல்ல. இக்கோளாறு உள்ள குழந்தைகளிடம் சாதாரணமாகக் காணும் லட்சணம் அது.

வண்டிக்காரன் ஏன் பிந்துகிறான்? 2007-ல் அமெரிக்கத் தேசிய மனநல ஆராய்ச்சி நிலையத்தில் பிலிப் ஷா என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், இக்கோளாறு உள்ள 223 குழந்தைகளின் மூளைப் படங்களை, கோளாறு இல்லாத 223 குழந்தைகளின் படங்களோடு ஒப்பிட்டார்கள். மூளையின் மேற்பட்டை குழந்தைப் பருவத்தில் தடித்துக்கொண்டே வந்து, ஓர் உச்சத்தை எட்டி, பிறகு மெலியத் தொடங்கும். மேற்பட்டையின் பாதிக்கு மேற்பட்ட இடங்கள் அந்த உச்சத்தை எட்டும் வயது, கோளாறு இல்லாதவர்களுக்கு ஏழரை. கோளாறு உள்ளவர்களுக்குப் பத்தரை. வளர்ச்சியின் வரிசை ஒன்றுதான், வழியும் ஒன்றுதான், வருகிற நேரந்தான் வேறு. முன்மூளையில் இந்தத் தாமதம் அதிகமாகக் காணப்பட்டது. கை கால்களை ஏவும் பகுதியோ சற்று முந்தியே முதிர்ந்திருந்தது. "ஓடு" என்று சொல்லும் இடம் முந்திக்கொள்கிறது. "நில்" என்று சொல்லும் இடம் பிந்தி வருகிறது! இடையில் அகப்பட்டுக்கொண்ட பையன்மேல் பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து கோபித்துக்கொள்கிறார்கள்.

தாமதம் என்றதும், "அப்படியானால் தானாகச் சரியாகிவிடும்" என்று கைகட்டி இருந்துவிடக் கூடாது. சிலருக்கு வயது ஏறும்போது ஆட்டம் தணிகிறது. பலருக்கு மறதியும் ஒழுங்கின்மையும் பெரியவர்களான பிறகும் ஓரளவு தொடர்ந்து வருகின்றன.

குற்றம் யாருடையது?

பாட்டி சொன்னதை நண்பர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை என்றோமல்லவா? வாங்கியிருக்க வேண்டும். இரட்டைக் குழந்தைகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சிகளிலிருந்து, இந்த விஷயத்தில் குழந்தைக்குக் குழந்தை காணும் வேற்றுமையில் நூற்றுக்கு எழுபது முதல் எண்பது பங்கு வரையில் வம்சவழியாக வருவது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதற்கென ஒரே ஒரு வித்து இல்லை. சிறிது சிறிதாகப் பங்கு கொள்ளும் வித்துக்கள் மிகப் பல. குறைமாதத்தில் பிறத்தல், பிறக்கும்போது எடை மிகக் குறைந்திருத்தல், ஈயம் உடலில் சேருதல் முதலியவற்றுக்கும் இதனோடு சம்பந்தம் இருப்பதாகக் காண்கிறது. தாயார் கொடுத்த செல்லம் இக்கோளாற்றை உண்டாக்குவதில்லை. சமையலறைக்குள் போய் மறைந்துகொண்ட அந்த அம்மாளுக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

"சர்க்கரை தின்றதால் வந்த ஆட்டம்" என்று சொல்வாரும் உண்டு. 1994-ல் அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சர்க்கரை தின்றால் தங்கள் பிள்ளைகள் துள்ளுவதாகச் சொன்ன தாய்மார்களையும், அவர்களுடைய ஐந்து முதல் ஏழு வயதுப் பையன்களையும் வரவழைத்தார்கள். பையன்களுக்குக் கொடுத்தது சர்க்கரையே இல்லாத இனிப்பு. ஆனால் தாய்மார்களில் ஒரு பகுதியினரிடம், "உங்கள் பையனுக்குச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்று சொல்லிவைத்தார்கள். அந்தத் தாய்மார்களின் கண்ணுக்குத் தங்கள் பையன்கள் அதிகமாகத் துள்ளுவதாகத் தோன்றிற்று! அவர்கள் பிள்ளைகளை விட்டு நகராமல் நின்று, மற்றத் தாய்மார்களைவிட அதிகமாகக் குற்றமும் சொன்னார்கள். நாம் எதை எதிர்பார்க்கிறோமோ அதையே குழந்தையிடம் காண்கிறோம் என்பது எவ்வளவு உண்மை! "கெட்ட பையன்" என்ற எதிர்பார்ப்பும் அப்படித்தான்.

துறுதுறுப்பெல்லாம் கோளாறு அல்ல

இதுவரையில் படித்த நேயர்களில் சிலர், தங்கள் வீட்டுப் பிள்ளையைக் கடைக்கண்ணால் பார்க்கத் தொடங்கியிருக்கக்கூடும். கொஞ்சம் பொறுங்கள். குழந்தை என்றால் ஓடத்தான் செய்யும். ஓடாத குழந்தையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

கானடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், டிசம்பர் 31-ந் தேதியை எல்லையாக வைத்துக் குழந்தைகளை வகுப்பில் சேர்க்கிறார்கள். ஆகவே, டிசம்பரில் பிறந்த குழந்தை தன் வகுப்பிலேயே மிகச் சிறியது. அதே வருஷம் ஜனவரியில் பிறந்தது ஏறக்குறைய ஒரு வயது மூத்தது. 2012-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், ஜனவரிப் பையன்களைவிட டிசம்பர்ப் பையன்களுக்கு நூற்றுக்கு 30 வீதமும், பெண்களில் நூற்றுக்கு 70 வீதமும் அதிகமாக இக்கோளாறு இருப்பதாக முத்திரை குத்தப்பட்டிருப்பது தெரியவந்தது. அதாவது, வெறும் சிறுபிள்ளைத்தனத்தையே கோளாறு என்று பலர் எண்ணிவிட்டார்கள். அவசரப்பட்டுக் குழந்தையைப் பள்ளியில் தள்ளும் பெற்றோர் இதைக் கவனிப்பார்களாக.

வைத்தியர்கள் வைத்திருக்கும் அளவுகோல் கண்டிப்பானது. கவனக் குறைவுக்கு ஒன்பது அறிகுறிகள்; துடிப்புக்கும் அவசரத்துக்குமாக ஒன்பது. குழந்தையிடம் இரண்டில் ஒரு வரிசையிலாவது ஆறு அறிகுறிகள், ஆறு மாத காலமாவது, வயதுக்குப் பொருந்தாத அளவில் இருக்க வேண்டும். சில அறிகுறிகளாவது பன்னிரண்டு வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். வீட்டில் மாத்திரமோ பள்ளியில் மாத்திரமோ இருந்தால் போதாது. இரண்டு இடங்களிலும் காண வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதனால் குழந்தையின் படிப்போ, உறவோ, அன்றாட வாழ்வோ மெய்யாகவே கெட்டிருக்க வேண்டும்.

இதைப் போலவே தோற்றமளிக்கும் வேறு சங்கடங்களும் உண்டு. காது சரியாகக் கேட்காத குழந்தை சொன்னதைச் செய்யாது. கண் பார்வை மங்கிய குழந்தை பலகையைப் பார்க்காது. இரவில் மூச்சுத் திணறித் தூக்கம் கெட்ட குழந்தை பகலில் சிடுசிடுக்கும். எழுத்தைப் படிப்பதிலேயே கஷ்டம் உள்ள குழந்தை புத்தகத்தைக் கண்டால் ஓடும். வலிப்பில் ஒரு வகை, கைகால் உதறாமல், சில விநாடி நேரம் குழந்தையை வெறித்துப் பார்க்க வைத்துவிட்டுப் போய்விடும். உபாத்தியாயர் அதைப் பகற்கனவு என்று நினைப்பார். வீட்டில் ஓயாத சண்டையும் துக்கமும் கூட ஒரு குழந்தையை நிலைகொள்ளாமல் செய்துவிடும். இவற்றையெல்லாம் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

நமது பக்கத்து நிலவரம் என்ன? கோயம்புத்தூர் ஜில்லாவில் நான்கு பள்ளிகளைச் சேர்ந்த, ஆறு முதல் பதினொரு வயது வரையுள்ள 770 குழந்தைகளைச் சோதித்து 2013-ல் வெளியிட்ட கட்டுரையில், நூற்றுக்குப் பதினொருவருக்குச் சற்று அதிகமாக இக்கோளாறு காணப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். உலகம் முழுவதற்கும் 2007-ல் போட்ட கணக்கோ நூற்றுக்கு ஐந்து சொச்சம். அளக்கும் முறைக்குத் தகுந்தபடி எண்ணிக்கை மாறும். குறைந்த கணக்கையே வைத்துக்கொண்டாலும், நாற்பது பேர் உள்ள வகுப்பில் இப்படிப்பட்ட குழந்தைகள் இரண்டு பேர் இருப்பார்கள்.

சும்மா இருக்கும் பெண்

அந்த இரண்டு பேரில் ஒருத்தி யார் கண்ணிலும் படாமல் போவதுண்டு. அவள் ஓடுவதில்லை, ஆடுவதில்லை, "சும்மா இரு" என்றால் சும்மாவே இருக்கிறாள். கண்கள் புத்தகத்தில் இருக்கின்றன. மனம் எங்கோ போய்விட்டது. பென்சிலைத் தொலைக்கிறாள், குடையைத் தொலைக்கிறாள், சொன்ன மூன்று வேலைகளில் இரண்டாவதை மறக்கிறாள். துடிப்பு இல்லாமல் கவனக் குறைவு மாத்திரம் உள்ள இந்த வகை பெண் குழந்தைகளிடம் அதிகமாகக் காணப்படுகிறது. தொந்தரவு செய்யாத குழந்தையை யார் வைத்தியரிடம் அழைத்துப் போகிறார்கள்? "மந்தம்" என்று ஒரு பெயரைச் சூட்டிவிட்டு விட்டுவிடுகிறார்கள். "கெட்ட பையன்" என்ற பெயருக்கு இது ஒன்றும் குறைந்ததல்ல.

செய்யத்தக்கது என்ன?

முதலாவது, அடிப்பதை நிறுத்த வேண்டும். அடி வண்டிக்காரனை வளர்க்காது, மாடுகளை மிரட்டும்.

இரண்டாவது, ஏவும் முறையை மாற்ற வேண்டும். அடுப்பங்கரையிலிருந்து கூவாமல், குழந்தையின் அருகில் சென்று, முகத்தைப் பார்த்து, ஒரு சமயத்தில் ஒரே ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். "குளித்து, உடுத்து, புத்தகத்தை அடுக்கி, சாப்பிட வா" என்பது இக்குழந்தைக்கு ஒரு வேலையன்று, நான்கு வேலைகள். அவற்றை ஒரு காகிதத்தில் எழுதியோ படம் போட்டோ சுவரில் ஒட்டினால், மறந்துபோனதைச் சுவர் ஞாபகப்படுத்தும். அம்மாவின் தொண்டையும் பிழைக்கும்.

மூன்றாவது, பெரிய வேலையைச் சிறு துண்டுகளாக நறுக்க வேண்டும். ஐந்து கணக்கு, பிறகு எழுந்து ஒரு நடை, மறுபடி ஐந்து கணக்கு. செய்து முடித்த உடனே ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தால் அதன் ருசி போய்விடும். பெரும்பாலான வீடுகளில் குழந்தை தவறு செய்த கணத்தைப் பிடிக்கிறோம். சரியாக இருந்த கணத்தைப் பிடிப்பதில்லை.

நான்காவது, விளையாட்டையும் தூக்கத்தையும் பறிக்கக் கூடாது. மார்க்கு குறைந்தது என்று மாலை விளையாட்டை நிறுத்துவது, தாகத்துக்கு உப்புக் கொடுப்பது போன்றது.

பள்ளிக்கூடத்தில் செய்ய வேண்டியதும் அதிகமில்லை. ஜன்னலோரத்தில் அல்லாமல் முன் வரிசையில் இடம். கரும்பலகை துடைக்கவும் நோட்டுக்கள் கொண்டுவரவும் அவனை அனுப்பிக் கால்களுக்கு ஒரு நியாயமான வேலை. பரீட்சையில் கொஞ்சம் கூடுதல் நேரம்.

இவ்வளவும் போதாதபோது மருந்து. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெற்றோருக்குப் பயிற்சியளிக்கும் முறையையே முதலில் கையாள வேண்டுமென்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2019-ல் சொல்லியிருக்கிறது. அதற்கு மேற்பட்ட வயதில் பயிற்சியோடு மருந்தும் சேரலாம். 1944-ல் ஸ்விட்ஸர்லாந்தில் கண்டுபிடித்த மெதில்பெனிடேட் என்பதே இன்று அதிகமாகக் கையாளப்படுகிறது. பலருக்கு நல்ல குணம் தெரிகிறது. பசி குறைவதும் தூக்கம் தள்ளிப்போவதும் அதன் தொந்தரவுகள். ஆகையால் எடை, உயரம், நாடி, ரத்த அழுத்தம் ஆகியவற்றை வைத்தியர் அவ்வப்போது பார்த்துவர வேண்டும். அண்டை வீட்டார் சொன்னார்கள் என்று தொடங்குவதும் தவறு. அண்டை வீட்டார் பயமுறுத்தினார்கள் என்று நிறுத்துவதும் தவறு.

பின்பக்கம்

நிற்க. நண்பரின் கதையை முடிக்கவில்லையே! நாம் படித்ததையெல்லாம் ஒரு நாள் அவரிடம் சொன்னோம். வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பெஞ்சியின் மேல் நின்றபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா?" என்று தொடங்கினார். முப்பது வருஷமாக அவர் யாரிடமும் சொல்லாத விஷயங்கள் அவை. அவற்றை இங்கே எழுதுவது முறையன்று.

அடுத்த வாரம் பையனைக் குழந்தை மனநல வைத்தியரிடம் அழைத்துச் சென்றார்கள். காது, கண் எல்லாம் பார்த்து, பள்ளியிலும் விசாரித்துவிட்டு, இது அந்தக் கோளாறுதான் என்று அவர் சொன்னாராம். பையனுடைய உபாத்தியாயினி நல்ல மனுஷி. இப்பொழுதெல்லாம் பரீட்சைத் தாளைக் கொடுக்கும்போது, முன்பக்கத்தின் அடியில் சிவப்பு மையினால் ஓர் அம்புக்குறி போட்டு, "திருப்பு" என்று எழுதிக் கொடுக்கிறாள். செலவு ஒரு துளி மை.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனபோது, பையன் ஓடி வந்து ஒரு தாளை நம்மிடம் நீட்டினான். கழித்தல் குறி ஒன்று மறுபடியும் கூட்டலாகியிருந்தது. மார்க்கும் பிரமாதமில்லை. ஆனால் பின்பக்கம் நிறைய எழுதியிருந்தான்.

"பார்த்தீர்களா, மாமா? திருப்பிவிட்டேன்!" என்று சொல்லிவிட்டு, நாம் பதில் சொல்வதற்குள் அணிலைத் துரத்திக்கொண்டு தோட்டத்துக்கு ஓடிவிட்டான். "ஒரு நிமிஷம் சும்மா இரு" என்று அன்று யாரும் சொல்லவில்லை.